காப்ரேவுக்குக் கழற்றிக் கொடுத்தவை

என் தங்கை நெனிதா ஒரு பையனைக் காதலிக்கிறாள் என்று தெரிந்தபோது நான் கவலைப்படவில்லை. அவன் வீட்டுக்கு வந்தபோதுதான் கவலைப்பட்டேன். மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தி இறங்கியவனைப் பார்த்த எங்கள் சியோனி அத்தை, மலையில் மறுபடியும் சண்டை மூண்டுவிட்டது என்று நினைத்து அரிசி மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

குற்றம் அத்தையுடையது அல்ல. தலையில் அகலத் தொப்பி, கையில் விரல் நுனி வெட்டிய உறை, காலில் கணுக்காலைத் தாண்டிய பூட்ஸ், கால்சட்டை முழுக்கப் பைகள். முதுகில் ஒரு பெரிய பை. அதைச் சுற்றிலும் குட்டிப் பைகள், தாய்ப்பன்றியிடம் பால் குடிக்கும் குட்டிகளைப் போலத் தொங்கின. எல்லாம் ராணுவப் பாணி. எங்கள் நாட்டு ராணுவத்தின் புள்ளி போட்ட துணியைச் சாதாரண ஆள் போட்டால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் என்பதால், எந்த நாட்டு ராணுவமோ, அதன் இலைப் புள்ளியைத் தேடிப் பிடித்து ஆன்லைனில் வாங்கியிருந்தான்.

"எந்தப் பட்டாளம் தம்பி?" என்று கேட்டேன்.

"பட்டாளம் எல்லாம் இல்லக்கா. லுசேனால இன்சூரன்ஸ் ஆபீஸ்."

இவன்தான் ஆர்னல். முதல் வருகைக்கு அவன் அம்மா முட்டைப் புட்டிங் செய்து கொடுத்து அனுப்பியிருந்தாள். துப்பாக்கி ரவை வைப்பதற்கென்று தைத்த பைக்குள் அதைச் சொருகிக் கொண்டுவந்திருந்தான். வெளியே எடுத்தபோது குடிக்கிற பதத்தில் இருந்தது.

"குண்டு பாஞ்சாலும் கிழியாத பைக்கா இது" என்றான் வருத்தத்தோடு.

"பை கிழியலப்பா. புட்டிங்தான் செத்துப் போச்சு" என்றேன்.

இந்தக் கூத்தையெல்லாம் எங்கள் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் பெயர் எலெயுதெரியோ. ஊருக்கு அவர் தெரோய். காலமெல்லாம் சரக்குக் கப்பலில் உலகத்தைச் சுற்றிவிட்டு வந்தவர். அத்தனை கடலுக்கும் அவர் கொண்டுபோனது ஒரு பிளாஸ்டிக் பை. அதில் பாஸ்போர்ட், சீப்பு, ஒரு மாற்று ஜட்டி. ஆர்னல் போய் அவர் முன்னால் நின்று, வணக்கம் சொல்லி, சாப்பிட்டீர்களா என்று விசாரித்தான். அப்பா அவனை மேலிருந்து கீழாக ஒரு முறை, கீழிருந்து மேலாக ஒரு முறை பார்த்துவிட்டு "உம்" என்றார்.

அந்த "உம்"மைத் தாண்டி ஒரு வருஷமாக எதுவும் வரவில்லை. ஆர்னல் ஞாயிறுதோறும் வந்தான். மழையைப் பற்றிப் பேசினான், கோழிச் சண்டையைப் பற்றிப் பேசினான், கப்பலைப் பற்றிக்கூடப் படித்துவிட்டு வந்து பேசினான். எல்லாவற்றுக்கும் ஒரே "உம்". எங்கள் ஊர் வழக்கப்படி பையனின் அப்பா அம்மா சாப்பாட்டுப் பாத்திரங்களோடு பெண் வீட்டுக்கு வந்து முறையாகக் கேட்க வேண்டும். அவர்கள் வருவதற்குப் பெண்ணைப் பெற்றவர் "வரச் சொல்லு" என்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் பையன் தவம் கிடந்தான். அப்பா வாயைத் திறக்கிற வழியாக இல்லை. அம்மா உயிரோடு இருந்திருந்தால் கரண்டியால் அவர் வாயைத் திறந்திருப்பாள்.

ஆர்னலின் சாமான்களைப் பற்றி நியாயமாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு முறை அவனோடு லுசேனாவில் பெரிய கடை வளாகத்துக்குச் சினிமா பார்க்கப் போனோம். வாசலில் காவலாளி எல்லார் பைக்குள்ளும் குச்சியை விட்டுக் கிளறிப் பார்ப்பார் இல்லையா. ஆர்னலின் பைகளைக் கிளறி முடிப்பதற்குள் வரிசை ரோட்டுக்கு வந்துவிட்டது. பின்னால் நின்ற ஒரு அம்மாள் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்து, தூங்கவும் வைத்தாள்; குழந்தை மறுபடி எழுந்து அழுதது. நாங்கள் உள்ளே போனபோது கதாநாயகி இறந்து எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். அவள் எதனால் இறந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதே சமயம், அவன் கால்சட்டையில் முட்டிக்கு நேராகப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. சர்ச்சில் நாங்கள் எல்லாரும் முட்டி வலியில் நெளியும்போது அவன் மட்டும் ஞானியைப் போல் அசையாமல் மண்டியிட்டிருப்பான். சியோனி அத்தை அந்த முட்டியைப் பொறாமையோடு பார்ப்பாள். அப்பாவும் பார்த்ததை நான் ஒரு முறை கவனித்தேன்.

அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்குக் குடும்பமே ஜீப்னி வண்டி பிடித்து பனாஹாவ் மலையடிவாரத்தில் ஆற்றங்கரைக்குப் போனோம். ஆர்னலும் வந்தான். அன்று சாயங்காலத்துக்குள் எப்படியாவது கேட்டுவிடுவது என்று நெனிதாவும் அவனும் முடிவு செய்திருந்தார்கள்.

"இன்னைக்கு மட்டும் அவர் 'உம்'னு சொன்னாருன்னா நான் செபு பக்கம் மாத்தல் வாங்கிட்டுப் போயிடுவேன்க்கா" என்றான் என்னிடம். "அங்க எனக்குத் தெரிஞ்சவங்க யாருமில்ல. நிம்மதியா அழலாம்."

பரிசாக அப்பாவுக்கு அவன் கொடுத்தது ஒரு போர்வை மாதிரியான மழை அங்கி. நடுவில் தலையை நுழைக்க ஓட்டை. மேலெல்லாம் பச்சையும் பழுப்புமாகத் துணியில் வெட்டிய இலைகள் தொங்கின. காட்டில் இதைப் போட்டுக்கொண்டால் மான் வந்து நம் மேலேயே மேயும் என்றான். அப்பா அதைத் தடவிப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"உம்" என்றார் அப்பா.

சாப்பாடு ஆனது. வாழையிலையைக் கையில் ஏந்தி, கை படாமல் வாயாலேயே கவ்வித் தின்கிற எங்கள் ஊர் நூடுல்ஸ், சுட்ட பன்றி, ஒரு அண்டா சோறு. தென்னஞ்சாராயம் ஒரு சுற்று வந்தது. கரோக்கே பெட்டியைச் சியோனி அத்தை பிடித்துக்கொண்டாள், பிடித்தால் விடமாட்டாள். அவள் நாலாவது பாட்டுக்கு மூச்சு வாங்கியபோது ஆர்னல் எழுந்து, தொப்பியைக் கழற்றி, தலையைச் சீவி, எச்சிலை விழுங்கி, அப்பாவைப் பார்த்து நடந்தான்.

அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது.

முதலில் யாரும் பதறவில்லை. ஒதுங்கப் போயிருப்பார் என்றோம். வெகு நேரம் ஆகியும் ஆளைக் காணோம். கூப்பிட்டோம், பதில் இல்லை. தேடப் போன நெனிதா ஆற்றோரத்தில் அப்பாவின் ரப்பர் செருப்பு இரண்டும் கிடப்பதைப் பார்த்து அலறிக்கொண்டு ஓடிவந்தாள். அதற்குப் பிறகு கரோக்கேயை யாரும் தொடவில்லை. தண்ணீர் முழங்கால் ஆழம்தான், பாதி உலகத்துக் கடலைத் தாண்டியவர் அதில் முழுகுவாரா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் சாராயம் குடித்த மனுஷன்.

எல்லாரும் மரங்களுக்குள் போய்த் தேடினோம். வழி தவற வைக்கிற காட்டு ஆவியை ஏமாற்றுவதற்காகச் சட்டைகளை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டோம். ஆர்னலும் திருப்பிப் போட்டான். அவன் சட்டையின் உள்பைகளெல்லாம் வெளியே வந்து ஆட்டுக் காதுகள்போல் ஆடின. அழுகைக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது, என்ன செய்ய.

"அந்த அங்கியும் காணோம்" என்றாள் நெனிதா திடீரென்று. "அப்பா அதப் போட்டுட்டுப் போயிருக்காரு."

எல்லாரும் ஆர்னலைப் பார்த்தார்கள்.

"மான் வந்து மேயும்னு சொன்னியே" என்றாள் சியோனி அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு. "மானுக்கே தெரியாதவர நாங்க எப்பிடிடா கண்டுபிடிக்கிறது? அவரு பக்கத்துலயே மயங்கிக் கெடந்தாலும் மிதிச்சிட்டுத்தானே போவோம்."

அப்போதுதான் யாரோ புகையைப் பார்த்தார்கள்.

ஆற்று வளைவில் ஒரு பழைய பலேத்தே மரம் நின்றது. கயிறு கயிறாக வேர் இறங்கி, உள்ளே ஒரு அறை அளவுக்கு இருட்டு. அந்தப் பக்கம் யாரும் தேடவில்லை. பலேத்தே மரத்துக்குள் யார் கையை விடுவார்கள். அதன் வேர்களுக்கு நடுவிலிருந்து புகை மெல்ல எழுந்து வந்தது. சுருட்டு வாசனை.

"காப்ரே" என்றாள் அத்தை, குரலே வராமல்.

பலேத்தே மரத்தில் குடியிருக்கும் கருத்த ராட்சதன் சுருட்டுப் பிடிப்பான் என்பது எங்கள் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். அவனுக்குப் பிடித்த ஆளைக் கொண்டுபோய் வைத்துக்கொள்வான். அப்பா சுருட்டு பிடிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். டாக்டர் சொல்லி அவர் சுருட்டை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. விட்டதற்காக நேர்த்திக்கடன் எல்லாம் செலுத்தி, மிச்சச் சுருட்டை அத்தையே சாக்கடையில் கொட்டினாள். அதனால் அந்த யோசனையே எங்களுக்கு வரவில்லை. நிமிஷத்தில் மொத்தக் குடும்பமும் ஜீப்னிக்குள் இருந்தது. அண்டாச் சோற்றை மறக்காமல் ஏற்றியிருந்தார்கள்.

நெனிதாவும் ஆர்னலும் நானும் மட்டும் ஏறவில்லை. அவள் அழுத அழுகையைப் பார்த்து ஆர்னல் பையின் வார்களை இறுக்கினான். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"நான் போய்க் கேக்கறேன்" என்றான்.

"யார்கிட்ட?"

"அவர்கிட்டதான். மரத்துக்காரர்கிட்ட."

அவன் முன்னால் போனான். நெனிதாவும் நானும் பின்னாலேயே போய் வாழைக்கூட்டத்துக்குள் பதுங்கினோம். ஆர்னல் மரத்துக்குப் பத்தடி முன்னால் நின்று கையைக் கூப்பினான்.

"பெரியவரே, மன்னிக்கணும், தொந்தரவு பண்ண வரல. வழி விடுங்க."

புகை நின்றது. பிறகு மரத்துக்குள்ளிருந்து கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு தடித்த குரல்.

"யார்ரா அது?"

ஆர்னல் துள்ளி விழுந்தான். நானும் விழப் போனேன். ஆனால் அடுத்து வந்த இருமல் எங்கள் வீட்டு இருமல். தினமும் காலையில் என்னை எழுப்புகிற இருமல். நெனிதா "அப்..." என்று ஆரம்பித்தாள். அவள் வாயைப் பொத்தினேன். சுருட்டைத் திருட்டுத்தனமாகப் பிடிக்கவும், ஆர்னல் கேட்கப் போகிற கேள்வியிலிருந்து தப்பிக்கவும், அவன் கொடுத்த அங்கியையே போர்த்திக்கொண்டு மனுஷன் அங்கே பதுங்கியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் ஒரு கல்லை எடுத்தேன். பிறகு கீழே போட்டேன். கேட்க ஆசையாக இருந்தது.

"ஆர்னலுங்க. லுசேனா. இன்சூரன்ஸ் ஆபீஸ்."

"எனக்கு பாலிசி வேண்டாம்."

"அதுக்கு வரலைங்க. இங்க ஒரு பெரியவர் காணாமப் போயிட்டாரு. குள்ளமா இருப்பாரு, தொந்தி..."

"தொந்தியா?"

"லேசா. தூரத்துலருந்து பாத்தா தெரியாதுங்க."

"அந்த மாதிரி ஒருத்தன் எங்கிட்ட இருக்கான். சும்மா தர முடியாது. என்ன வெச்சிருக்க?"

ஆர்னல் அவசரமாகப் பையிலிருந்து டார்ச்சை எடுத்து வேரின் மேல் வைத்தான்.

"டார்ச்சுங்க. அடிச்சா எதிர்மலையில இருக்கறவன் கண்ண மூடிக்குவான்."

"எனக்கு இருட்டுலயே கண்ணு தெரியும். இதெதுக்கு?"

"எனக்கும் தெரியலைங்க. வீட்டுல கரண்ட் போனா மெழுகுவத்திதான் ஏத்துறோம். இத அடிச்சா எங்கம்மாவுக்குத் தலவலி வந்துடுது."

"வை. அப்புறம்?"

"கத்தி."

"இதுல என்ன வெட்டின?"

"பார்சல் பிரிச்சேங்க."

"என்ன பார்சல்?"

"அடுத்த கத்தி வந்த பார்சல்."

மரம் ஒரு மாதிரி இருமியது. சிரிப்பை அடக்கினால் அப்பா அப்படித்தான் இருமுவார்.

"கால்ல என்ன?"

"பூட்ஸுங்க. ஆத்துல நடந்தாலும் தண்ணி உள்ள போகாது. போச்சுன்னா வெளிய வராது."

"என்ன சைசு?"

ஆர்னல் ஒரு கணம் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "எட்டுங்க" என்றான் மெதுவாக. "ஆனா கொஞ்சம் தாராளமா இருக்கும். ஒம்போதுக்காரரும் போடலாம்."

"கழட்டு."

கழற்றினான். கையுறை போனது, தொப்பி போனது, சட்டை போனது, முதுகுப் பையோடு துப்பாக்கி ரவைப் பையும் போனது, திசை காட்டும் கைக்கடிகாரம் போனது, எதற்கென்று அவனுக்கே தெரியாத ஒரு கொக்கி போனது. அப்புறம் மரம் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டது.

"அந்தக் கால்சட்டையில முட்டிகிட்ட என்ன பொடப்பா இருக்கு?"

"பஞ்சுங்க. சர்ச்சுல மண்டி போட்டா வலிக்காது."

அப்பாவுக்கு இரண்டு முட்டியும் போய் வெகுகாலம் ஆகிறது.

"அதையும் கழட்டு."

நெனிதா கையால் கண்ணை மூடிக்கொண்டு விரலிடுக்கில் பார்த்தாள். ஆர்னல் மஞ்சள் வாத்துப் படம் போட்ட ஜட்டியோடு, கால்சட்டையை நான்காக மடித்து மரியாதையாக வேரின் மேல் வைத்தான்.

"இவ்வளவும் எதுக்குடா வாங்கின? காடு மேடு திரியற ஆளா நீ?"

"இல்லைங்க. பயம்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நாள் பூரா அதச் சொல்லித்தாங்க பாலிசி விக்கறேன். வீடு பத்திக்கும், வெள்ளம் வரும், பஸ் கவுந்துடும்னு. கேக்கறவங்க யாரும் பயப்படல. சொல்லிச் சொல்லி நான் பயந்துட்டேன். ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு சாமான் வாங்கினேன்."

"இப்ப பயம் போச்சா?"

"இல்லைங்க. கால் ஆடுது பாருங்க. பேண்ட் இருந்தா தெரிஞ்சிருக்காது."

மரம் குரலைத் தணித்தது. "அந்தக் கெழவன் ஒனக்குப் பொண்ணு குடுக்காம இழுத்தடிக்கறானாமே. அவன் இங்கயே கெடந்தா ஒனக்கு நல்லதுதானே? பொண்ணக் கூட்டிட்டுப் போயிடலாம்."

"வேண்டாங்க." இந்த ஒரு இடத்தில் அவன் குரல் ஆடவில்லை. "அவரு மனசார சரின்னு சொல்லாம அவளக் கூட்டிட்டுப் போனா அவ தெனமும் ஜன்னலப் பாத்துட்டே உக்காந்திருப்பா. அதப் பாக்க என்னால முடியாது. அவர் சொல்ற வரைக்கும் நான் ஞாயித்துக்கிழமை வந்துட்டுத்தான் இருப்பேன். 'உம்'னு சொன்னாலும் பரவால்ல."

"சரி, அப்ப கெழவன எடுத்துக்க. பொண்ண எனக்குக் குடுத்துடு."

"அது நான் குடுக்கற சாமான் இல்லைங்க. அவகிட்டயே கேளுங்க. கேக்கும்போது கொஞ்சம் தள்ளி நின்னு கேளுங்க. துடைப்பம் கையில இருக்கும்."

என் கைக்குள் நெனிதாவின் வாய் சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை. கை முழுக்க ஈரம். இப்படி ஒருவன் என்னிடம் ஒரு நாளாவது பேசியிருந்தால் நான் இந்நேரம் கல்யாணமாகாமல் சாப்பாட்டுக்கடையில் மீன் பொரித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

"திரும்பி நின்னு கண்ண மூடிக்க" என்றது மரம்.

ஆர்னல் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். வேர்களுக்குள் சலசலப்பு. இலை இலையாக ஒரு உருவம் தவழ்ந்து வந்து, அங்கியைச் சுருட்டி உள்ளே எறிந்தது, இரண்டு இலையைக் கசக்கி வாயில் போட்டு மென்றது, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தது.

"என்னடா, ஜட்டியோட நிக்கற" என்றார் அப்பா, தன் சொந்தக் குரலில்.

ஆர்னல் திரும்பி அவரைக் கட்டிக்கொண்டான். அப்பா கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் காற்றில் வைத்திருந்தார். பிறகு அவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"அடுத்த ஞாயிறு ஒங்க அப்பா அம்மாவ வரச் சொல்லு" என்றார். "நீயும் வா. பேண்ட் போட்டுட்டு வா."

காப்ரே தன்னைப் பிடித்து வைத்திருந்ததாகவும், பழகினால் நல்ல மனுஷன் என்றும் அப்பா ஜீப்னியில் எல்லாருக்கும் சொன்னார். சுருட்டு நாற்றம் ஏன் என்று அத்தை மூக்கை நீட்டினாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் வேறென்ன வாசனை வரும் என்றார். ஆர்னல் அத்தையின் பூப்போட்ட பாவாடையைக் கட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தான். மறுநாள் அப்பா எங்கோ போய்வருகிறேன் என்று கிளம்பி, ஒரு மூட்டையோடு திரும்பி வந்தார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அந்தச் சாமான்கள் உபயோகமா என்று கேட்டால், அப்பாவைத்தான் கேட்க வேண்டும். கத்தியால் மாங்காய் நறுக்குகிறார். துப்பாக்கி ரவைப் பையில் கோழிமுட்டை சேகரிக்கிறார், ஒன்றுகூட உடைவதில்லை. பூட்ஸைப் போட்டுக்கொண்டு வயலில் இறங்குகிறார். அந்தப் பஞ்சுக் கால்சட்டை இல்லாமல் சர்ச்சுக்குப் போவதே இல்லை. மருமகன் வருகிற ஞாயிறுகளில் மட்டும் முட்டி வலி என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். ஆர்னலின் மோட்டார் சைக்கிள் சத்தம் முனையில் கேட்டதும் பூட்ஸை ஒரு பக்கம், தொப்பியை ஒரு பக்கம் வீசிவிட்டு அறைக்குள் ஓடுகிறார். அந்த வயதில் அவ்வளவு வேகமாக யாரும் கால்சட்டை மாற்றி நான் பார்த்ததில்லை.

நெனிதா பெற்ற குழந்தையின் ஞானஸ்நான விருந்தன்று கொல்லையில் பாத்திரம் கழுவும்போது ஆர்னல் கூட நின்று துடைத்துக் கொடுத்தான். என்னால் அடக்க முடியவில்லை.

"ஏம்பா, அன்னைக்கு அந்த மரத்துல இருந்தது யாருன்னு ஒனக்கு..."

"மாமாதான்" என்றான், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "மொதல்ல நெசமாவே நடுங்கிட்டேன்க்கா. ஆனா எந்த ஊருல காப்ரே பூட்ஸ் சைசு கேக்கும்?"

எனக்கு ஆத்திரம் வந்தது. "தெரிஞ்சுமா பேண்ட்டக் கழட்டின? நாங்க ரெண்டு பேரும் வாழைக்குப் பின்னால நின்னோம்டா."

"என்னக்கா பண்றது. ஒரு வருஷமா 'உம்'னு மட்டும் சொன்ன மனுஷன் அன்னைக்குத்தான் எங்கிட்ட கேள்வி கேட்டாரு. ஒண்ணக் கழட்டி வெச்சா இன்னொண்ணு கேட்டாரு. நிறுத்திட்டா பேச்சும் நின்னுடுமேன்னு பயம்." அவன் தட்டை அடுக்கின் மேல் வைத்தான். "கடைசில ஜட்டிதான் மிச்சம் இருந்துச்சு. நல்லவேளை, அதுக்குள்ள சரின்னுட்டாரு."